மேபல் டீசல் குடிக்கவில்லை

"பதினஞ்சு கேலன்!" என்று அப்பா பம்ப்பைப் பார்த்துக் கத்தினார். "வீட்டுல இருந்து பில்லிங்ஸ் வர்றதுக்குள்ள பதினஞ்சு கேலன் டீசல்! எல்லாம் அந்தக் குண்டுக் குதிரையால!"

மாரென் பிக்கப் வண்டியிலிருந்து குதித்து இறங்கினாள். அவளுக்குப் பதினொரு வயது. கோபம் வந்தால் முதலில் காதுகள்தான் சிவக்கும். இப்போது இரண்டும் தக்காளியாகச் சிவந்திருந்தன.

"மேபல் குண்டு இல்லப்பா! அவ இழுவைக் குதிரை. அவ இனமே அப்படித்தான்!"

வண்டிக்குப் பின்னால் பூட்டியிருந்த டிரெய்லரின் ஜன்னல் வழியே மேபல் தன் பெரிய தலையை நீட்டினாள். எடை ஆயிரத்துத் தொள்ளாயிரம் பவுண்டு. கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி, மூன்று நாளாகச் சரியாகத் தின்னவில்லை. குதிரை ஆஸ்பத்திரியில் பல்லைப் பிடுங்கத்தான் இத்தனை தூரம் வந்திருந்தார்கள்.

"டீசல் குடிக்கிற குதிரையை உலகத்துலயே நம்ம வீட்டுலதான் பாக்கலாம்," என்றான் அண்ணன் நில்ஸ், உருளைக்கிழங்கு வறுவலைக் கொறித்துக்கொண்டே.

"நீ வாயை மூடு! அவ புல்லையே மூணு நாளா தொடல. டீசலா குடிப்பா?"

அப்பா வண்டியின் டீசல் மூடியைத் திருகினார். "சண்டை போடாதீங்க. நான் முடிவு பண்ணிட்டேன். அடுத்த மாசம் மிசூலா கண்காட்சிக்கு மேபல் வேண்டாம். அது இதைவிட ரெண்டு மடங்கு தூரம். சின்னக் குதிரைங்க ரெண்டை மட்டும் கூட்டிட்டுப் போவோம்."

மாரென் ஓடிப் போய் மேபலின் நெற்றியில் கை வைத்தாள். மிசூலாவில் சிறுவர்களுக்கான மரம் இழுக்கும் போட்டி இருந்தது. கோடை முழுவதும் அவளும் மேபலும் அதற்காகத்தான் பழகியிருந்தார்கள். அவள் வாயால் 'போ' என்றால் போதும், மேபல் மரத்தை இழுத்துக்கொண்டு நடப்பாள். 'நில்' என்றால் நிற்பாள். கயிற்றைச் சுண்டவே வேண்டாம்.

"இது அநியாயம்," என்றாள்.

"டீசல் கணக்குல நியாயம் அநியாயம் கிடையாதும்மா," என்றார் அப்பா.

மேபலை மூன்று நாள் வைத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலி டிரெய்லரை இழுத்துக்கொண்டு மூவரும் வீடு திரும்பினார்கள். அப்பா வழக்கம்போல எழுபத்தைந்து மைல் வேகத்தில் விரட்டினார். டிரெய்லர் பின்னால் கடகடவென்று ஆடிக்கொண்டே வந்தது. ஊருக்குள் நுழைந்ததும் அப்பா மறுபடி டீசல் நிரப்பினார்.

மாரென் பம்ப்பின் எண்ணை எட்டிப் பார்த்தாள். பதினான்கரை.

அவள் இன்னொரு முறை பார்த்தாள். காதுகள் மறுபடி சிவக்கத் தொடங்கின.

"அப்பா! இப்ப டிரெய்லர்ல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

"அப்போ பதினாலரை கேலனை யாரு குடிச்சது? நில்ஸா?"

நில்ஸ் வறுவலை விழுங்கிவிட்டு இருமினான். அப்பா பம்ப்பைப் பார்த்தார், டிரெய்லரைப் பார்த்தார், தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார்.

"அது... திரும்பி வர்றப்போ எதிர்க்காத்து. காத்தாலைங்க எப்படிச் சுத்துச்சுன்னு பாத்தேல்ல? அதான்."

"ஓ, மேபல் இருந்தா மேபல் மேல பழி. இல்லைன்னா காத்து மேல பழி!"

அன்று இரவுச் சாப்பாட்டில் மாரென் பட்டாணியை முள்கரண்டியால் குத்திக் குத்திச் சாப்பிட்டாள். மறுநாள் காலை நேராக வண்டியிடம் போனாள். 'மேபல் இல்லாதப்பவும் டீசல் போகுதுன்னா, ரெண்டு தடவையும் மாறாம இருந்தது எது?' என்று யோசித்தாள்.

வண்டியைச் சுற்றி வந்தாள். பின்தட்டில் ஆறு மணல் மூட்டைகள் கிடந்தன. பனியில் சக்கரம் வழுக்காமல் இருக்கக் குளிர்காலத்தில் போட்டவை. இப்போது ஜூலை மாதம்.

"ஆறு மாசமா மணலுக்கு ஊர் சுத்திக் காட்டறோமா?" என்று அவள் கத்தியது சமையலறை வரை கேட்டது.

பிறகு காற்று அளக்கும் கருவியை எடுத்து டயர்களைச் சோதித்தாள். டிரெய்லரின் நான்கு டயர்களில் இரண்டில் காற்று மிகவும் குறைவு. பொறி வைத்து எலி பிடித்தவள்போல அவள் சிரித்தாள். ஆனால் மாறாமல் இருந்த மிகப் பெரிய விஷயம் எது என்பது அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது ஆக்சிலரேட்டரை அழுத்தும் அப்பாவின் வலது கால்.

"அப்பா, ஒரே ஒரு தடவை," என்றாள். "மேபலைக் கூட்டிட்டு வர்றப்போ நான் சொல்றபடி ஓட்டுங்க. அதே ரோடு. டீசல் அன்னைக்கு மாதிரியே குறைஞ்சா, மிசூலா பேச்சையே எடுக்க மாட்டேன்."

"என்ன சொல்லப் போற?"

"அறுபது மைலுக்கு மேல போகக் கூடாது."

"அறுபதா! மாடு கூட முந்திட்டுப் போகும்டி!"

"போகட்டும். மாட்டுக்கு அவசரமா இருக்கும்."

நில்ஸ் விழுந்து விழுந்து சிரித்தான். ஆனாலும் மணல் மூட்டைகளை இறக்க அவன்தான் கை கொடுத்தான். டயர்களில் காற்று நிரப்பியதும் டிரெய்லரே நிமிர்ந்து நிற்பதுபோல இருந்தது.

மூன்றாம் நாள் மேபல் ஒரு பல் குறைந்து, நல்ல பசியோடு காத்திருந்தாள். பில்லிங்ஸில் டீசலை விளிம்பு வரை நிரப்பிக்கொண்டு கிளம்பினார்கள். அன்றைக்கும் எதிர்க்காற்றுதான். காற்றாலைகள் விடாமல் சுற்றின.

"நல்லா பாத்துக்கங்க. அப்புறம் காத்து இல்லைன்னு சொல்லக் கூடாது," என்றாள் மாரென்.

அறுபதில் போவது அப்பாவுக்குப் பெரிய சோதனையாக இருந்தது. ஸ்டீயரிங்கைத் தட்டினார். பெருமூச்சு விட்டார். முள் அறுபத்திரண்டைத் தொட்டால் போதும், "அப்பா!" என்று பக்கத்திலிருந்து குரல் வரும். வண்டிகள் ஒவ்வொன்றாக முந்திப் போயின. பக்கத்துப் பண்ணை வெர்னா அத்தை ஹாரன் அடித்துக் கையை ஆட்டிக்கொண்டே பறந்தார்.

பாதி வழியில், பழம் வைத்துச் சுட்ட 'பை' என்ற பலகாரம் கிடைக்கும் கடை ஒன்று இருந்தது. அப்பா வண்டியை நிறுத்திவிட்டு, இன்ஜினை அணைக்காமலே இறங்கினார்.

"சாவி," என்று கையை நீட்டினாள் மாரென்.

"டீசல் வண்டியை அணைச்சா மறுபடி கிளப்பறது கஷ்டம்."

"அது ஜனவரியில! நீங்க உள்ள போனா அரை மணி நேரம் கதை பேசுவீங்க. வண்டி நின்ன இடத்துல நின்னுக்கிட்டே குடிக்கும்."

அப்பா சாவியைக் கொடுத்தார். உள்ளே வெர்னா அத்தை செர்ரி பை தின்றுகொண்டிருந்தார்.

"என்ன ஹல்வோர், உன் வண்டிக்கு உடம்பு சரியில்லையா? இல்ல, உனக்கா?"

"எனக்கு இன்னைக்கு மேலதிகாரி கூட வந்திருக்கா," என்று மாரெனைக் காட்டினார் அப்பா.

அரை மணி நேரத்துக்குள்ளாகவே கிளம்பினார்கள். வீடு போய்ச் சேர வழக்கத்தைவிட இருபத்தைந்து நிமிடம் கூடுதலாகும் என்று நில்ஸ் கணக்குப் போட்டுப் புலம்பினான். ஆனால் டிரெய்லர் ஆடவில்லை. பின்னால் மேபல் வைக்கோலை மெல்லும் சத்தம் கேட்காவிட்டாலும், நிறுத்திப் பார்த்தபோதெல்லாம் அவள் நிம்மதியாகத்தான் இருந்தாள்.

ஊர் பம்ப்பில் அப்பா குழாயைச் செருகினார். எண்கள் ஓடின. மாரென் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எட்டு. ஒன்பது. பத்து.

டக்.

"பத்தே முக்கால்," என்று மெதுவாகப் படித்தார் அப்பா. குழாயை வெளியே எடுத்து, மறுபடி செருகிப் பார்த்தார். அது மறுபடி டக்கென்று நின்றது.

"காலி டிரெய்லருக்குப் பதினாலரை. மேபலோட பத்தே முக்கால்," என்றாள் மாரென். "ஏத்தத்துல அவளும் கொஞ்சம் குடிச்சிருப்பா, அதை நான் மறைக்கல. ஆனா மிச்சம் எல்லாம் யாரோட வேலை?"

அப்பா தன் வலது பூட்ஸைக் குனிந்து பார்த்தார். "இந்தக் கழுதையோட வேலைதான்."

"என்கிட்ட சொல்லாதீங்க. யாரைத் திட்டுனீங்களோ அவகிட்ட சொல்லுங்க."

அப்பா டிரெய்லர் ஜன்னல் பக்கம் போனார். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். ஆனாலும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"மேபல், உன்னைத் தப்பா பேசிட்டேன். குண்டுன்னு சொன்னதும் தப்பு. மிசூலாவுக்கு நீ கண்டிப்பா வர்ற. ரெண்டு மணி நேரம் முன்னாடியே கிளம்புவோம்."

மேபல் அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு 'புர்ர்ர்' என்று பெரிதாக ஒரு தும்மல் போட்டாள். அப்பாவின் சட்டை முழுவதும் ஈர வைக்கோல்.

"மன்னிச்சுட்டாளா?" என்று கேட்டார் அப்பா, முகத்தைத் துடைத்துக்கொண்டே.

மாரென் ஜன்னலில் காதை வைத்து ஆழ்ந்து கேட்பதுபோல நின்றாள்.

"இன்னும் இல்லையாம். கேரட் வாங்கிக் குடுத்தா யோசிக்கிறாளாம்."

அப்பா கடைக்குள் போய் ஒரு கட்டு கேரட்டோடு வந்தார். மிகப் பெரிய கேரட்டை மேபல், புதிதாகப் பல் போன பக்கத்தை விட்டுவிட்டு, மறுபக்கமாக மெல்லத் தொடங்கினாள். அடுத்த பெரியதை மாரென் கடித்தாள். அவள் காதுகள் அப்போதுதான் பழைய நிறத்துக்குத் திரும்பின.