காதில் போட்ட குறி

ஆதிகேசவன் நாயைத் தட்டிக் கொடுக்கவில்லை. குனிந்து, அதன் விலாப்பக்கத் தோலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்தார். மெல்ல இழுத்தார், விட்டார். தோல் பழையபடி போய் ஒட்டிக்கொண்டது. அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது.

நாயோடு வீடு கேட்டு வந்திருந்த காசிக்கு அந்தக் கைப்பழக்கம் தெரியும். தோல் பதனிடும் ஷாப்புக்குப் பச்சைத் தோல் வாங்க வருகிறவர்கள் அப்படித்தான் கனம் பார்ப்பார்கள். ஆனால் அவர்கள் பிடிப்பது செத்த ஆட்டின் தோலை. வாலாட்டிக்கொண்டு நிற்கும் நாயை ஒருவர் அப்படிப் பிடித்து அவன் பார்த்ததில்லை.

"நாயி இருக்கலாமாங்க?" என்று மறுபடியும் கேட்டான்.

"தாராளமா இருக்கட்டும். நாயி இருக்கறதாலதான் ஒனக்கு வூட்டையே தர்றேன்" என்றார் ஆதிகேசவன்.

காசிக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த ஐப்பசியில் பாலாறு கரையை உடைத்துக்கொண்டு வந்து ஆம்பூரின் பள்ளத்துக் குடிசைகளையெல்லாம் வழித்துக்கொண்டு போயிருந்தது. வீடு கேட்டு அலைந்த கூட்டத்தில் அவனும் ஒருவன். நாய்க்கு முன்னால் அவனுக்கே இடமில்லாத தெருக்கள் பாதி. மிச்சத் தெருக்களில் நாயைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள். மாடு என்றால் சரி, கோழி என்றால் சரி, நாய் மட்டும் கூடாதாம். ஷாப்பில் தோல் பதனிடக் கடுக்காய் இடிக்கும் ஹலீமா பீ ஒருத்திதான் காரணம் சொன்னாள். "தப்பா நெனைக்காத காசி, தொழுகை பண்ற வூடு. நாயி உள்ள வரக்கூடாது. ஒன்ன வேணான்னு நான் சொல்லல." அவள் கண் கலங்கியிருந்தது. அதனால் அவனுக்கு வருத்தமில்லை.

நாயை விட்டுவிடு என்று ஊரே சொன்னது. வெள்ளத்தன்று காசி ஷாப்பில் முதலாளியின் தோல்களை மேட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தான். குடிசைக்குள் தண்ணீர் புகுந்தபோது மகள் கமலத்தின் பாவாடையைக் கவ்வி, ரயில் மேடு வரை இழுத்துக்கொண்டு போனது இந்த நாய், செவலைதான். மறுநாள் காசி திரும்பி வந்தபோது, நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்த குழந்தை அவனைப் பார்த்துப் பேசவேயில்லை. அப்பா ஆற்றோடு போய்விட்டார் என்று அவள் முடிவு செய்திருந்தாள். அப்படிப்பட்ட நாயைத் தெருவில் விட எந்த மனுஷனுக்கு மனசு வரும்?

"ஒண்ணே ஒண்ணு" என்றார் ஆதிகேசவன். "வெள்ளத்துல செத்ததையெல்லாம் தின்னு நாயிங்களுக்கு வெறி புடிச்சிருக்குன்னு தடி எடுத்துக்கினு சுத்தறானுங்க. அந்த நெலப்படில ஒரு குறி கீது பாரு, அது என் குறி. அதை இது காதுல போட்டுடு. யாரும் தொட மாட்டான். நீதான் குறி போடற ஆளாச்சே."

நிலைப்படியில் பழைய உளியால் வெட்டிய குறி இருந்தது. இரண்டு கீறல், நடுவில் ஒரு புள்ளி.

ஷாப்பில் காசியின் வேலையே அதுதான். பல வியாபாரிகளின் தோலும் ஒரே சுண்ணாம்புக் குழியில் ஊறும். மயிர் போய் வெளியே வந்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் குழியில் இறக்குமுன் ஒவ்வொரு தோலின் கால்பக்கத்திலும் அவரவர் குறியைக் கத்தியால் போடுவான். குறி போட்ட தோல் குழிக்குப் போகும். போடாதது மேலேயே கிடக்கும். இத்தனை வருஷம் அதைச் செய்தவனுக்கு அன்று அது ஞாபகம் வரவில்லை. வீடு கிடைத்த சந்தோஷத்தில் செவலையின் காதை மடக்கிப் பிடித்து, அலுங்காமல் குறியைப் போட்டான்.

கமலம் பக்கத்தில் உட்கார்ந்து கவனமாகப் பார்த்தாள்.

"எதுக்கு நைனா?"

"குறி இருந்தா யாரோடதுன்னு தெரியும்மா. காணாம போவாது."

வீடு நன்றாகத்தான் இருந்தது. ஓடு போட்ட கூரை, முன்னறை, நடு அறை, பின்னால் அடுப்பு. ஆனால் முதல் நாளே காசியின் மனைவி அமிர்தவள்ளி மூக்கைச் சுளித்தாள். ஷாப்பு வெகு தூரத்தில் இருக்க, வீட்டுக்குள் சுண்ணாம்பு வாடை வந்தது. உன் மேலிருந்துதான் வருகிறது என்று அவனைக் குளிக்க வைத்தாள். குளித்த பிறகும் வாடை போகவில்லை. நடு அறையின் கல்தரை, வெளியே வெயில் அடிக்கும் நேரத்திலும் வேர்த்துக் கிடந்தது. துடைத்துவிட்டுத் திரும்பினால் மறுபடி ஈரம். அதில் காதை வைத்தால், ஊறின தோலை யாரோ தூக்கிக் கல்லில் போடுகிற மாதிரி ஒரு சத்தம், வெகு கீழேயிருந்து, நிதானமாக வந்துகொண்டிருந்தது. தொப். கொஞ்சம் பொறுத்து, தொப். செவலை அந்த அறைக்குள் கால் வைக்கவே இல்லை. வாசலில் நின்று தரையைப் பார்த்துப் பல்லைக் காட்டும். குரைக்க மட்டும் குரைக்காது.

"அந்த வூடா?" என்று கேட்ட ஹலீமா பீ உலக்கையை நிறுத்தினாள். "முந்தி அது ஆதிகேசவன் குடும்பத்து ஷாப்பு. குழியில எறங்கின ஆளுங்க ஏறி வரலன்னு மூடிட்டு மேல வூடு கட்டினாங்க. ஆடு, நாயின்னு ஜானவர் இல்லாதவங்க போய்க் கேட்டா தர மாட்டாரு, பூட்டியே வச்சிருப்பாரு. போன தடவ ஆடு வச்சிருந்தவங்க இருந்தாங்க. ஆடு போச்சு, அவங்களும் காலி பண்ணிட்டாங்க. வேற எடம் பாரு காசி."

வேறு இடம் எங்கே இருக்கிறது? அவனுக்குக் கோபம்தான் வந்தது. இடம் கொடுக்காத ஊர், கிடைத்த இடத்துக்கும் கதை கட்டுகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே வேலையைப் பார்த்தான்.

சின்னச் சின்னதாக வேறு சிலவும் நடந்தன. அவன் படுக்கும் பாயில் காலையில் பொட்டுப் பொட்டாக ரத்தம் இருந்தது. சுண்ணாம்புப் புண் உடைந்திருக்கும் என்று அமிர்தவள்ளி ராத்திரி இருட்டில் எண்ணெய் தடவினாள். ஈரத் தோலை முதுகில் சுமந்து சுமந்து அவன் முதுகு எப்போதோ மரத்துப் போயிருந்தது. அவள் கை பட்டதுகூட அவனுக்குத் தெரியவில்லை. கமலம் ஒரு கருவேல முள்ளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு விளையாடினாள். தெருவில் எதிர்ப்பட்ட ஆதிகேசவன், வீடு சௌகரியமா என்று கேட்கவில்லை.

"குறி ஆறிடுச்சா?" என்று கேட்டார்.

"ஆறிடுச்சுங்க."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார்.

கார்த்திகை மழை பிடித்த ஒரு நாள், ஷாப்பில் வேலை நடக்காமல் சாயங்காலத்துக்கு முன்பே காசி வீடு திரும்பினான். அமிர்தவள்ளி கடைக்குப் போயிருந்தாள். வானம் இருட்டிக் கிடந்தது. ஓட்டின் மேல் மழை இரைந்துகொண்டிருக்க, அதையும் மீறி உள்ளே இன்னொரு சத்தம் கேட்டது. நகம் கல்லைப் பிறாண்டும் சத்தம், ஒரு நாய் வாய் திறக்க முடியாமல் தொண்டைக்குள்ளேயே முனகும் சத்தம், அதற்கும் அடியில் அந்தப் பழைய சத்தம், இப்போது மிகக் கிட்டத்தில். கண்ணைக் கரிக்கும் சுண்ணாம்பு நெடி வாசலிலேயே அவன் மூச்சை அடைத்தது.

நடு அறையில் ஒரு கல் கீழே இறங்கியிருந்தது. அந்தப் பள்ளத்தில் வெள்ளைக் கூழ் தளும்பியது. செவலையின் பின்பாதி கூழுக்குள் இருந்தது. அறை வாசலிலிருந்து அதுவரை இழுபட்ட நகக் கீறல்கள் கிடக்க, முன்கால்கள் தரையைப் பற்றியிருந்தன.

காசி பாய்ந்து அதன் முன்கால்களைப் பிடித்து இழுத்தான். நாய் அவனைப் பார்த்தது. இழுத்தான். கையோடு மயிர் வந்தது, கொத்துக் கொத்தாக, ஊறிய தோலில் வருவது போல நோகாமல் வந்தது. தோள்பட்டையைப் பிடித்தான். அங்கும் மயிர். அப்புறம் தோலே வந்தது. சட்டை கழல்வது போல அவன் கையில் கழன்று சுருண்டது. உள்ளே சிவப்பாக, உயிரோடு, செவலை இன்னும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கூழிலிருந்து ஒரு கை வந்தது.

வெள்ளைக் கை. நகம் இல்லை. ஒரு மயிர் இல்லை. அது அவசரப்படவில்லை. நாயின் கழுத்தைத் தடவி, காதைத் தேடிப் பிடித்தது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல். குறியைத் தடவிப் பார்த்தது. சரிதான் என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

ஒரே இழுப்பு.

எலும்பு முறியும் சத்தம் கேட்டது. வெள்ளைக் கூழ் சிவந்தது. மறுபடி வெளுத்தது.

காசியின் கையில் தோல் மட்டும் இருந்தது.

குறி போட்டது குழிக்கு. போட்டவன் நான்தான். தலையில் அது ஒன்றுதான் ஓடியது. என் கையால், நல்ல கத்தியால், அதன் காதை மடக்கிப் பிடித்து நான்தான் போட்டேன்.

"செவல எங்க நைனா?"

கமலம் அடுப்பங்கரைப் பக்கமிருந்து வந்து, ஈரத் தரையில் நின்றுகொண்டிருந்தாள்.

"அங்கயே நில்லு. வராத."

"நானும் செவலகூடத்தான் இருப்பேன். எனக்கும் குறி போட்டுக்கினேன்" என்று அவள் காலைத் தூக்கிக் காட்டினாள். கணுக்காலில் முள்ளால் கீறிய குறி. இரண்டு கீறல், ஒரு புள்ளி. பக்கு உதிர்ந்திருந்தது.

ஆறிவிட்டிருந்தது.

அவன் எழுவதற்குள் அவள் நின்ற கல் இறங்கியது. கை அவள் கணுக்காலைப் பிடித்தது. குழந்தை கத்தினாள். காசி அவள் இடுப்பை அணைத்துக்கொண்டான். இழுக்கவில்லை. இழுத்தால் என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும்.

மடியில் குறிக்கத்தி இருந்தது. தோல் திருடுகிறவர்கள் குறி இருக்கிற துண்டைத்தான் முதலில் வெட்டி எறிவார்கள். அதற்கப்புறம் அது யாருடைய தோலும் இல்லை.

"கண்ண மூடிக்கம்மா. நைனா இருக்கேன்."

வெட்டினான். சொந்த மகளின் தோல். வெள்ளாட்டுத் தோலைவிட மெல்லியது. எலும்பு தெரியும்வரை சுற்றி வெட்டி, துண்டை உரித்து அந்தக் கையில் போட்டான். அவள் போட்ட சத்தத்தை அவன் காது வாங்கவில்லை. வாங்கியிருந்தால் கத்தி நின்றிருக்கும்.

கை நின்றது. துண்டைத் தடவியது. கணுக்காலை விட்டது.

அவன் ஓடினான். முன்னறை. நிலைப்படி. மழை. தெருவில் கூடையுடன் வந்த அமிர்தவள்ளி கூடையைப் போட்டுவிட்டுக் குழந்தையை வாங்கினாள். ரத்தத்தைப் பார்த்தாள், அவன் கையில் கத்தியைப் பார்த்தாள்.

"இன்னாய்யா பண்ண? எம் பொண்ண இன்னா பண்ண?"

"வந்துட்டோம். அவ வந்துட்டா. இனிமே ஒண்ணுமில்ல" என்றான். நிலைப்படியில் ஏறிச் சாய்ந்து மூச்சு வாங்கினான். குழந்தை பிழைத்துவிட்டாள். அது போதும். காலே போனாலும் போகட்டும்.

கமலம் தாயின் தோளில் விக்கினாள். "நைனா... ஒனக்கும் போட்டிருக்கேன்."

"இன்னாம்மா?"

"நீ தூங்கறப்ப. தெனமும் போட்டேன். அன்னிக்கு வெள்ளத்துல நீ காணாம பூட்டயில்ல. இனிமே போவக் கூடாதுன்னு."

காசி மெல்லத் திரும்பி, மனைவிக்கு முதுகைக் காட்டினான். தோளில் கிடந்த துண்டை எடுத்தான். கத்தியைப் பின்னால் நீட்டினான்.

"எங்க இருக்குன்னு பாத்து வெட்டு."

அமிர்தவள்ளி கத்தியை வாங்கவில்லை.

"எத்தினி கீது?"

அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"அமிர்தம். எத்தினி?"

"எடமே இல்லய்யா" என்றாள் அவள். அவன் முதுகைப் பார்த்தபடியே மழைக்குள் பின்வாங்கினாள். கழுத்திலிருந்து இடுப்புவரை, ஒன்றையொட்டி ஒன்று, நேற்று ராத்திரி போட்டதுகூட ஆறியிருந்தது.

காசியின் காலடியில் நிலைப்படிக் கல் நனைந்தது. மழை நீரில்லை. வெதுவெதுப்பாக இருந்தது. பத்து வருஷமாக எதையும் உணராத அவன் முதுகை இரண்டு விரல்கள் மெல்லப் பிடித்து இழுத்தன, கனம் பார்த்தன, விட்டன.

அவன் திரும்பிப் பார்த்தான். எட்டத்தில், தெரு மழையில், அமிர்தவள்ளியின் இரண்டு கைகளும் குழந்தையை அணைத்துக்கொண்டிருந்தன.