காணாமல் போன கடைசி அத்தியாயம்

“கடைசி அத்தியாயத்தையே காணோம். நாலு மணிக்குப் பதிப்பகத்து ஆள் வர்றார். முழுசா குடுக்கலேன்னா இந்த வருஷம் என் புத்தகம் வராது.”

மருந்துக்கடைக்கார அம்மா கைப்பிரதிக் கட்டை மேசைமேல் வைத்தார். மணி மூன்றரை.

அச்சகத்து மாடியில் கூடும் அந்த எழுத்தாளர் வட்டத்தில், ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துக் குறை சொல்வது வழக்கம். அம்மா எழுதியது துப்பறியும் கதை. யாரும் முடிவை முதலில் புரட்டிவிடக் கூடாதென்று அத்தியாயங்களைத் தனித்தனியே குண்டூசி குத்தி வைப்பாரே தவிர, எண் போடமாட்டார்.

வட்டத்தில் ஒருவரான அச்சகத்துப் பிழைதிருத்துபவர் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்தார். அதற்குள் தையல்காரரான அவருடைய மைத்துனர் கதவைச் சாத்திவிட்டார்.

“அத்தான், கடைசியா படிச்சது நம்ம டிரைவர்தான். பையைச் சோதிச்சிரலாமா?”

திகில் கதை எழுதும் பஸ் டிரைவர் சிரித்தார். “தாராளமா பாருங்க, காலி டிபன் டப்பாதான் இருக்கு. ஆனா அக்கா, பிரமாதம். கதையில வர்ற கம்பவுண்டர் அந்த வீட்டுக்குள்ள நுழையறப்பல்லாம் பதறிட்டேன்.”

“அவன் பாட்டுக்கு மாத்திரை குடுத்துட்டுப் போறான். அதுல பதற என்ன இருக்கு?” என்றார் அம்மா.

பிழைதிருத்துபவர் கட்டின் நூலைக் காட்டினார். “மாப்ளே, நூல்ல பழைய முடிச்சு விழுந்த மடிப்பு எங்க இருக்கு?”

“புது முடிச்சுலயே.”

“தாள் குறைஞ்சிருந்தா கட்டு மெலிஞ்சு, மடிப்பு வெளியே தொங்கியிருக்கும். எதுவும் போகலை.” டிரைவர் பக்கம் திரும்பினார். “கட்டு கீழே விழுந்துச்சா?”

“படிக்கறதுக்கு முன்னாடியே. ஒரு பிரேக் போட்டேன், சிதறிருச்சு. கம்பவுண்டர் மருந்தை மாத்தறதுதானே ஆரம்பம்னு அதை மேல வச்சு, மத்ததைப் புரட்டிப் பார்த்து அடுக்கினேன்.”

“அதான் விஷயம். அக்கா கதையில யார் செஞ்சாங்கன்னு வாசகர் தேடணும். உங்க கதையில ஆள் யாருன்னு தெரியும், அடுத்து என்ன பண்ணுவானோன்னு பதறணும். நீங்க உங்க வழக்கப்படி அடுக்கிட்டீங்க.”

அம்மா கட்டைப் பிரித்தார். கடைசி அத்தியாயம் தலைப்புத் தாளுக்கு அடியிலேயே இருந்தது. “முடிவை முதல்ல போய் யாரு தேடுவா?” என்று முனகிக்கொண்டே அதைக் கடைசியில் வைத்தார். வைத்தவர் யோசித்தார்.

“தம்பி, எந்த இடம் ரொம்பப் பதற வச்சுச்சு?”

“கை பாட்டிலை மாத்தற இடம்.”

அந்த ஒரு பத்தியை மட்டும் வெள்ளைத்தாளில் எழுதினார். கம்பவுண்டர் என்று வந்த இடத்திலெல்லாம் ‘ஒரு கை’ என்று போட்டு முதல் பக்கமாகக் குத்தினார்.

நாலு மணிக்கு வந்த பதிப்பகத்து ஆள் அதை நின்றபடியே படித்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

“யாருங்க அந்தக் கை?”

மைத்துனர் வாயைத் திறந்தார். பிழைதிருத்துபவர் அவர் காலை மிதித்தார்.