குளிர் அறையில் வளர்ந்தது

குளிர் அறைக்குள் ஈர மண் வாசனை அடித்தது. அங்கே எந்த வாசனையும் இருக்கக் கூடாது. பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் கண்ணாடிக் குழாய்களுக்குள், பஞ்சு அடைப்புக்குக் கீழே, வளராமலும் சாகாமலும் கிடக்கத்தான் அந்தக் குளிர்.

கள்ளக்குறிச்சிக்கு வெளியே, சின்னசேலம் சாலையில் இருந்த அந்த ஆய்வுக்கூடத்தில் அவற்றைப் பராமரிப்பது அப்சானாவின் வேலை. ஞாயிறு மதியம், வேறு யாரும் இல்லை. இயந்திரத்தின் உறுமலுக்கும், கரும்பு லாரி போகும்போதெல்லாம் குழாய்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுப்பதற்கும் அடியில், ஈரத் துணியை யாரோ மெல்லக் கிழிப்பதுபோல ஒரு சத்தம் மேல் தட்டிலிருந்து விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது.

அங்கே ஒரு குழாயின் பஞ்சு வெளியே தள்ளப்பட்டிருந்தது. அதிலிருந்து வழிந்த வெள்ளை இழைகள் பக்கத்துக் குழாய்களுக்குள் இறங்கியிருந்தன. அவள் ஆண்டுக்கணக்கில் காத்துவந்த ஈஸ்ட்டுகள், மண் பாக்டீரியாக்கள், நெற்பயிரின் நோய்ப் பூஞ்சைகள், எல்லாம் ஒரே வெண்மை.

வெளியே வந்து, கள உதவியாளன் வெற்றிசெல்வனுக்குப் போன் செய்தாள். வெள்ளிமலையில் பட்டுப்போன கடுக்காய் மரத்திலிருந்து அந்த வெள்ளைப் பூஞ்சையைச் சுரண்டி வந்தவன் அவன்தான்.

“வெற்றி, நீ கொண்டாந்தது மத்த எல்லாத்தையும் தின்னுடுச்சு. மொத்தத்தையும் ஆட்டோகிளேவ்ல போட்டு, நீராவில வேகவெச்சு அழிக்கப் போறேன்.”



“அழிக்காதீங்க மேடம். பக்கத்துலதான் இருக்கேன். வந்துகினே இருக்கேன்.”

அவள் காத்திருக்கவில்லை. ஆட்டோகிளேவைச் சூடேற்றிவிட்டு, கம்பிக் கூடையோடு மறுபடி உள்ளே போனாள். கதவு பின்னால் சாத்திக்கொண்டது.

கையை நீட்டினாள். இழைகள் அவள் முகத்தை நோக்கிச் சாய்ந்தன. இடப்பக்கம் நகர்ந்தாள். அவையும் இடப்பக்கம் சாய்ந்தன. பயத்தில் அவள் விட்ட மூச்சு புகையாகப் படர்ந்ததும், அதைத் தொட்ட இழைகள் ஒரு விரற்கடை நீண்டன.

மூச்சை அடக்கினாள்.

அவை நின்றன.

பின்னோக்கி நடந்து கதவுப் பிடியை அழுத்தினாள். அசையவில்லை. கதவின் சிறு கண்ணாடிக்கு அப்பால் வெற்றிசெல்வன். வெளிப்பிடியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

“தொற, வெற்றி.”

அந்த இரண்டு சொல்லுக்கு வெளியேறிய மூச்சில், முதுகுக்குப் பின்னால் கிழியும் சத்தம் நெருங்கியது.

“நானும் மொதல்ல அடக்கித்தான் பாத்தேன்,” என்றான் அவன், ஆறுதல் சொல்வதுபோல. “முடியாது மேடம். வுட்டுடுங்க. அப்பறம் வலிக்காது.”

பேசியவனின் பற்களுக்கிடையே வெள்ளை. நாக்கு இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளை.

அவன் வாயைக் கதவின் இடுக்கில் வைத்து அழுத்தினான். ரப்பர் விளிம்பு உப்பியது. விலகியது. மயிரிழை போல ஒன்று உள்ளே வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு பல.

நெஞ்சு எரிந்தது. கண் இருண்டது. அவள் உதடுகளை இறுக்கிக்கொண்டாள்.

அவை அவள் உதட்டருகே வந்து நின்றன. அசையாமல். காத்துக்கொண்டு.