பிரிய வேண்டிய கோடு

"யாருங்க இதுல கை வச்சது?"

போஸ்டரை விரித்தவன் போட்ட சத்தத்தில் அச்சுக்கடையே திரும்பிப் பார்த்தது.

படங்களைத் திருத்தும் மேஜையிலிருந்து அவள் நிமிர்ந்தாள். எதிரே நின்றவனுக்கு மழை சொட்டும் இமைகள்... அதற்குக் கீழே கலங்கிப்போன கண்கள்...

"நான்தான். மீன் மேல ஒரு கோடு பாதியில ரெண்டா பிளந்து அசிங்கமா இருந்துச்சு. சரி பண்ணிட்டேன்."

"அசிங்கமா? அந்தப் பிளவுதாங்க என் மூணு வருஷ ஆராய்ச்சி! நாலு மணிக்கு வைவா... இதைக் காட்டித்தான் பட்டம் வாங்கணும்!"

மணி மூன்றரை. போஸ்டர் அடிக்கும் பெரிய மெஷினோ அப்போதுதான் மக்கர் பண்ணிப் படுத்திருந்தது.

"சாரி சொல்லு பாப்பா," என்றான் கடை முதலாளியான அவள் அண்ணன்.

அவளா? ஒரு புள்ளி பிசகமாட்டாள் என்று பேர் வாங்கியவளாயிற்றே! அவன் போஸ்டரைச் சுருட்டிக்கொண்டு படியிறங்கினான். அந்தத் தளர்ந்த நடையைப் பார்த்ததும் மைப் பேனாவோடு பின்னால் ஓடினாள்.

"நில்லுங்க! எங்க பிரியணும்னு காட்டுங்க, கையாலயே வரையறேன்."

பஸ் ஸ்டாப் பெஞ்சில் மீன் விரிந்தது.

"ரெண்டு சாயம்னு வச்சுக்கோங்க. ஒண்ணு தன்னைத்தானே பெருக்கிக்கும், ஆனா மெதுவா பரவும். இன்னொண்ணு அதை அடக்கும், வேகமா பரவும். இந்த இழுபறியிலதான் கோடு விழுது. மீன் வளர வளர இடைவெளி அகலுமில்ல? அப்போ கோடு பிரிஞ்சு இடத்தை நிரப்பிக்கும். கணக்கு போட்டா அப்படியே வருது."

"அப்போ அது தப்பு இல்லையா?"

"வளர்ச்சிங்க."

அவள் பேனா நின்றது... பிறகு மெல்ல, அவன் விரல் காட்டிய வழியே போனது.

ஐந்தரை மணி. கல்லூரி வாசலில் தூறல். வெளியே வந்தவன், கூடவே பஸ் ஏறி வந்த அவள் அங்கேயே நிற்பதைக் கண்டு திகைத்தான்.

"நீங்க இன்னும் போகலையா?"

"சாரி சொல்லணும். கேக்காம கை வச்சது என் தப்புதான்."

"வைவாவுல, கையால வரைஞ்சதுன்னு கண்டுபிடிச்சுட்டாங்க. நடந்ததை அப்படியே சொன்னேன். சிரிச்சுட்டாங்க... அப்புறம்..."

"இருங்க, ரிசல்ட்டை இப்போ சொல்லாதீங்க!" அவள் அவசரமாகக் குறுக்கிட்டாள். காதுமடல் சிவந்தது. "தெரிஞ்சப்புறம் சொன்னா, பட்டத்தைப் பாத்து சொன்ன மாதிரி ஆயிடும்... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

அவன் கண்களில் மெதுவாக ஒரு சிரிப்பு பரவியது.

"பாஸ்," என்றான். "ரெண்டுலயும்."