இரண்டு பக்கமும் பட்டன்

விழுப்புரத்தில் சங்கவியின் அம்மா சித்ரா ஒரு தையல் கடை வைத்திருந்தார். கடையின் குறுக்கே இரண்டு கொடிகள் கட்டியிருக்கும். ஒன்றில் ஆண்களின் சட்டைகள் தொங்கும். மற்றொன்றில் ஜாக்கெட்டும் சுடிதாரும் தொங்கும்.

பள்ளி விட்டதும் சங்கவி நேராகக் கடைக்கு வந்துவிடுவாள். ஜாக்கெட்டில் ஹூக்கு மாட்டுவதற்கு நூலால் குட்டி குட்டி வளையங்கள் போடுவது அவள் வேலை. படிப்பது ஐந்தாம் வகுப்புதான். ஆனால் அந்த வளையங்களை இழுத்தாலும் பிய்யாது.

ஒரு திங்கட்கிழமை மாலை கலை வந்தார். கையில் வேகவைத்த மல்லாட்டைப் பொட்டலம். தோளில் துணிப்பை.

கலை, பெரியம்மா புனிதாவின் இரண்டாவது பிள்ளை. மூத்தவன் ரஞ்சித். கல்லூரி முடித்தவர். முழுப் பெயர் கலைப்பிரியா. முன்பெல்லாம் சங்கவி "அக்கா" என்றுதான் கூப்பிடுவாள். "கலைன்னே கூப்பிடு, அதான் எனக்குப் புடிச்சிருக்கு" என்று ஒருநாள் அவரே சொன்னார். அன்றிலிருந்து கலைதான். சங்கவிக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை. கூப்பிட வசதியாகத்தான் இருந்தது.

"சித்தி, ஞாயித்துக்கிழமை ரஞ்சித் அண்ணன் ரிசப்ஷனுக்கு ஒரு சட்டை தைக்கணும்" என்று சொல்லி, பால்வெள்ளைத் துணியை எடுத்து வைத்தார் கலை.

சித்ரா அளவு நாடாவைக் கையில் எடுத்தார். "ஆம்பளை சட்டையா, லேடீஸ் சட்டையா?"

"ரெண்டும், சித்தி."

"ரெண்டு சட்டைக்குத் துணி பத்தாதே."

"ஒரே சட்டைதான்."

சித்ரா சங்கவியைப் பார்த்தார். சங்கவி மல்லாட்டையை உரித்து, கடலையை வாயில் போட்டபடி கலையைப் பார்த்தாள்.

"பட்டன் எந்தப் பக்கம் வைக்கிறதுன்னு எனக்குத் தெரியணும்ல? ஆம்பளைங்களுக்கு வலப்பக்கம், லேடீஸுக்கு இடப்பக்கம். இத்தினி வருஷமா அப்படித்தான் தைச்சிக்கினு இருக்கேன்."

கலை தன் பையில் குத்தியிருந்த பேட்ஜைக் காட்டினார். ரோஸ், ஊதா, நீலம் என்று நெடுக்காக மூன்று பட்டைகள். அவற்றின்மேல் ஒரு வட்டம். வட்டத்தின் தலையில் ஓர் அம்பு இருந்தது. கீழே ஒரு கூட்டல் குறி இருந்தது.

"அம்பு ஆணுக்கு. கூட்டல் பெண்ணுக்கு. எனக்குள்ள ரெண்டும் சேர்ந்தே இருக்கு. என்னை மாதிரி இருக்கறவங்களுக்கு 'ஆண்ட்ரோஜின்'னு பேரு."

"பேரு நல்லாத்தான் இருக்கு. வாயிலதான் நுழைய மாட்டேங்குது" என்றார் சித்ரா.

"நடுவுல எதுக்கு ஊதா?" என்று கேட்டாள் சங்கவி.

"ரோஸையும் நீலத்தையும் கலந்தா என்னா வரும்?"

"ஊதா. டிராயிங் கிளாஸ்ல கலந்திருக்கேன்."

"அதான்" என்று சிரித்தார் கலை. பிறகு சித்ராவிடம் மெதுவாகச் சொன்னார்: "அண்ணன் சட்டையைப் போட்டுப் பார்த்தேன். லேடீஸ் சட்டையும் போட்டுப் பார்த்தேன். ரெண்டுமே யாரு துணியையோ இரவல் வாங்கிப் போட்ட மாதிரி இருக்கு. அம்மா எனக்குன்னு புடவை எடுத்து வச்சிருக்காங்க. சட்டை சரியா அமையலன்னா நான் போட்டோவுக்கு நிக்க மாட்டேன் சித்தி. பந்தியில இலை போட்டுக்கினு இருந்துடறேன்."

சங்கவிக்கு வீட்டிலிருந்த பொங்கல் படம் நினைவுக்கு வந்தது. அதில் குடும்பத்தில் எல்லோரும் இருந்தார்கள், கலையைத் தவிர. "நானே எடுக்கறேன்" என்று செல்போனை வாங்கிக்கொண்டு எதிரே போய் நின்றுகொண்டவர் அவர்தான். அதற்கு முந்தைய பொங்கலிலும் அதே கதை.

கலை போனதும் சங்கவி ஒரு பழைய துணியை எடுத்தாள். வலப்பக்கம் ஒரு பட்டன், அதற்குக் கீழே இடப்பக்கம் ஒரு பட்டன் என்று மாற்றி மாற்றித் தைத்தாள். எதிர்ப்பக்கத்தில் காஜாவுக்கு ஓட்டை போட்டு மாட்டிப் பார்த்தாள்.

"என்னாடி இது, இடியாப்பம் மாதிரி முறுக்கிக்கினு நிக்குது?" என்றார் அம்மா.

உண்மைதான். ஒரு பட்டனுக்கு வலது ஓரம் மேலே வந்தது. அடுத்த பட்டனுக்கு இடது ஓரம் மேலே ஏறியது. துணி சுருண்டுபோனது.

மறுநாள் ஒரு ஜாக்கெட்டுக்கு வளையம் போட்டுக்கொண்டிருந்தபோது சங்கவியின் ஊசி பாதியில் நின்றது.

"அம்மா, ஒரு பக்கம் மேல, ஒரு பக்கம் கீழன்னு எதுக்கு வைக்கணும்? ரெண்டு ஓரத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சா? காஜா வேணாம். நூல் வளையம் போதும்."

சித்ரா மெஷினை நிறுத்தினார். ஜாக்கெட்டின் இரண்டு ஓரங்களையும் ஒட்டி வைத்துப் பார்த்தார். "உள்பக்கம் ஒரு பட்டித்துணி வச்சுட்டா உடம்பு தெரியாது" என்றார். பிறகு, "வளையம் பெருசா வரணும். பட்டன் நுழையணும்ல?" என்றார்.

"அது என் வேலை" என்றாள் சங்கவி.

வலப்பக்கப் பட்டன்களை ரோஸ் நூலால் தைத்தார்கள். இடப்பக்கப் பட்டன்களுக்கு நீல நூல். வளையங்கள் எல்லாம் ஊதா.

சனிக்கிழமை கலை அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். எல்லாப் பட்டனையும் மாட்டினார். கழற்றினார். மறுபடியும் மாட்டினார்.

"புடிச்சிருக்கா?" என்று கேட்டாள் சங்கவி.

"இது என் சட்டை" என்றார் கலை.

"உன்னுதுதான். ஜல்தி கழட்டிக் குடு, இஸ்திரி போடணும்" என்றார் சித்ரா.

ஞாயிற்றுக்கிழமை மாலை திண்டிவனத்தில் மண்டபம் நிறைந்திருந்தது. கலை அந்தச் சட்டையோடுதான் வந்திருந்தார். எடுத்து வைத்த புடவை வீட்டிலேயே கிடந்ததால் புனிதா பெரியம்மா அவரிடம் அதிகம் பேசவில்லை.

குடும்பப் படம் எடுக்கும் நேரம் வந்தது. "ஜென்ட்ஸ் எல்லாம் மாப்பிள்ளை பக்கம் வாங்க. லேடீஸ் பொண்ணு பக்கம்" என்றார் போட்டோகிராபர்.

எல்லோரும் பிரிந்து நின்றார்கள். கலையின் கால்கள் பந்தி நடக்கும் கூடத்தின் பக்கம் திரும்பின. சங்கவி சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க போறீங்க? மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்கும் பின்னாடி, நடுவுல இடம் இருக்கு. நான் அப்பவே பார்த்து வச்சிட்டேன்."

நடுவில் போய் நின்ற கலையை ரஞ்சித் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். பெரியம்மாவும் பார்த்தார். பார்த்தவர் நேராகக் கிட்டே வந்தார். சங்கவி கலையின் பக்கம் இன்னும் நெருங்கி நின்றாள்.

"மேல் பட்டன் கழண்டுக்கினு இருக்குதே, கவனிக்கலையா?" என்று பெரியம்மா கலையின் கழுத்துப் பக்கம் கை வைத்தார். வலப்பக்கம் தேடினார். இடப்பக்கம் தேடினார். "என்னாடி சங்கவி, காஜாவையே காணோம்?"

"காஜா இல்ல பெரியம்மா, வளையம். பட்டன் ஒண்ணு இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம்."

"யாரு தைச்சது?"

"அம்மா. வளையம் மட்டும் நான்."

"பேஜாரான சட்டையா இருக்குதே" என்று முணுமுணுத்தார் பெரியம்மா. ஆனால் கையை எடுக்கவில்லை. காலரை நிமிர்த்தி விட்டார். "சரி, உனக்கு எடுப்பாத்தான் இருக்கு. அசையாம நில்லு."

"எல்லாரும் இங்க பாருங்க" என்றார் போட்டோகிராபர்.

அந்தப் படம் இப்போது தையல் கடையில், இரண்டு கொடிகளுக்கும் நடுவே மாட்டியிருக்கிறது. எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள். பெரியம்மா மட்டும், ஊதா வளையத்துக்குள் பட்டன் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.