நடுக்கம் பூஜ்ஜியம்

திரையில் கோடு நேராக இருந்தது. அதுதான் அவளுக்கு முதலில் உறுத்தியது.

அண்ணனின் வலது கையிலிருந்து வரும் கோடு அது. முப்பது வருடம் லேத் பட்டறையில் இரும்பைக் கடைந்த கை. நான்கு வருடமாக ஒரு டம்ளர் தண்ணீரைச் சிந்தாமல் தூக்க முடியாத அளவுக்கு நடுங்கிய கை. மருத்துவர்கள் அவன் மூளைக்குள் மெல்லிய கம்பி ஒன்றை வைத்தார்கள். எவ்வளவு மின்சாரம், எந்த நொடியில் என்று முடிவு செய்யும் கணக்கை எழுதியவள் தங்கைதான். மணிக்கட்டுப் பட்டை நடுக்கத்தை அளக்கும், கணக்கு மின்சாரத்தைத் திருத்தும், நடுக்கம் பூஜ்ஜியத்தை நோக்கி இறங்கும். ஆனால் பூஜ்ஜியத்தைத் தொடாது. தூங்குகிறவன் கைகூடக் கொஞ்சமாவது அசையுமே! நேற்று மாலை நான்கு மணியிலிருந்து இந்தக் கோடு அசையவே இல்லை.

பட்டை கழன்றிருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, மாற்றுப் பட்டையையும் லேப்டாப்பையும் பையில் போட்டுக்கொண்டு மதியம் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி, மகளைப் பார்க்க வெளியூர் போய் மூன்று நாள் ஆகியிருந்தது. கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே ஜன்னல்களை எல்லாம் அடைத்து வைத்திருந்ததால் வெயிலின் ஒரு கீற்றுகூட வராமல், ஃபிரிட்ஜின் முனகலும், எங்கோ ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்த ஈக்களின் ரீங்காரமும், ஈரச் சாக்கு நாறுவது போன்ற ஒரு வாடையும் மட்டும் கூடம் முழுக்க நிறைந்திருந்தன. காலைச் சுற்றி வந்து செருப்பைக் கடிக்கும் நாய்க்குட்டியைக் காணோம்.

அண்ணன் சாப்பாட்டு மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தான். வலது கை மேல் ஒரு துண்டு கிடந்தது.

"எதுக்குப் பாப்பா வந்த? போன்லயே சொன்னேன்ல, கை ஜம்முன்னு இருக்குன்னு."

"முகத்தைப் பாரு, பேயறைஞ்ச மாதிரி இருக்க. துண்டை எடுண்ணா."

"திட்டாத. நான் வேணும்னு பண்ணல."

அவள் துண்டை எடுத்தாள். நாய்க்குட்டியின் கழுத்து அவன் பிடிக்குள் இருந்தது. கழுத்து என்று சொல்ல அங்கே மிச்சம் ஒன்றும் இல்லை. பட்டை கழன்றிருக்கவில்லை.

"குளிப்பாட்டுனேன். வெடவெடன்னு நடுங்குச்சு. கை இறுக ஆரம்பிச்சுது, விடவே மாட்டேங்குது பாப்பா. ராத்திரி பூரா இப்படியே உக்காந்திருக்கேன்."

அவளுக்கு அழுகை வந்தது, அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. லேப்டாப்பை மேஜையில் திறந்து வைத்துவிட்டு, அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தாள். கட்டை விரல் கடைசியாக விட்டது. குட்டி தரையில் விழுந்தது. காலியான கை அந்தரத்தில் நின்றது. அவள் மூச்சு வாங்கினாள். அந்தக் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"அண்ணா, விடு."

"நான் பிடிக்கலடி!"

உதறினாள். இறுகியது. இன்னும் வேகமாக உதறினாள். உள்ளே எலும்பு ஒன்று முறிந்த சத்தம் அவள் காதுக்கே கேட்டது. அவள் அலறினாள். திரையில் கோடு மேலும் கீழும் எகிறியது. அப்போதுதான் புரிந்தது. பட்டைக்கு யார் நடுக்கம் என்று தெரியாது. அவன் கையா, கைக்குள் இருப்பதா என்று பிரித்துப் பார்க்க அவள் சொல்லித்தரவில்லை. அது தோன்றவே இல்லை. இறுக்கினால் கோடு இறங்கும் என்று கணக்கு தானாகக் கற்றுக்கொண்டது, அதைக் கற்றுக்கொள்ள விட்டதும் அவள்தான்.

இடது கையை நீட்டி 'நிறுத்து' பொத்தானை அழுத்தினாள். பத்து நிமிடம் என்று எண்கள் வந்தன. மின்சாரத்தைச் சட்டென்று நிறுத்தினால் அண்ணனின் மூச்சு நின்றுவிடலாம் என்பதால், படிப்படியாகத்தான் குறைய வேண்டும். அந்த விதியை எழுதியவளும் அவள். பத்து நிமிடம் நடுங்காமல் இருந்தால் பிழைத்தாள்.

முறிந்த மணிக்கட்டு உணர்விழந்து தொங்கியது. அதை இறுக்கியும் கோடு இறங்காததால் கை அதை விட்டது. அவள் பின்வாங்குவதற்குள் தொண்டைக்கு வந்தது. அழுகை அங்கேதான் நடுங்கிக்கொண்டிருந்தது.

மேஜை மேல் சரிந்தாள். மூச்சு பாதியில் நின்றது. நகத்தால் பிராண்டத் துடித்த விரல்களை மடக்கிக்கொண்டாள். கண்ணைத் திரையில் வைத்தாள். அசையாதே. அழாதே. கோடு மெல்ல இறங்கியது. பிடி ஒரு நூல் தளர்ந்தது. காற்று வந்தது, கொஞ்சம். எட்டு நிமிடம். அசையாதே. ஏழு நிமிடம். முடியும் என்று தோன்றியது, நிஜமாகவே தோன்றியது.

அவள் ஏன் அசையாமல் கிடக்கிறாள் என்று அண்ணனுக்குத் தெரியவில்லை.

"பாப்பா? கண்ணு? ஐயோ, பேசேண்டி!"

பதில் சொல்லத் தொண்டை இல்லை. தலையாட்டினால் கோடு எகிறும். கண்ணை மட்டும் அவன் பக்கம் திருப்பினாள். வேண்டாம், வேண்டாம், சும்மா இரு.

அவன் இடது கையை மேஜைக்கு அடியிலிருந்த பழைய பட்டறைப் பெட்டிக்குள் விட்டு எதையோ துழாவினான். இரும்புகள் உருண்டன. பட்டறைச் சுத்தியலோடு கை மேலே வந்தது.

"பயப்படாத. இந்தச் சனியனை உடைச்சாவது உன்னை எடுத்துடறேன்."

தன் வலது மணிக்கட்டில் ஓங்கி அடித்தான். ரத்தம் அவள் முகத்தில் தெறித்தது. கோடு திரையின் உச்சிவரை போனது. விரல்கள் உள்ளே இறங்கின.

ஆறு நிமிடம்.

வாய் கோணி, மூக்கு ஒழுக, சின்னப் பையனைப் போல விம்மிக்கொண்டு அவன் சுத்தியலை மறுபடியும் ஓங்கினான்.

"இதோ பாப்பா, இதோ ஆச்சு. இன்னும் ஒரே ஒரு அடி."