ஐம்பது எண்ணாத குரல்

"அய்யோ... என்னாங்க... என்னாச்சுங்க...!"

செவ்வாய்க்கிழமை. மாலை மணி நான்கு.

ஆரணியின் அந்தப் பட்டுத் தெருவில் பாதித் தறிகள் சட்டென்று நின்றன.

அலறியவள் அபிதகுசாம்பாள். அவள் கையிலிருந்த காபி டம்ளர் தரையில் விழுந்து உருண்டு கொண்டிருந்தது.

அவளுடைய கணவர் அருணகிரி தறியின் மேல் குப்புறக் கிடந்தார். கால்கள் தறிக்குழிக்குள்... உடம்பு நெய்த துணியின் மேல்... உச்சந்தலை பிளந்து வழிந்த ரத்தம் மாம்பழ நிறப் புடவையில் ஒரு புதுப் புட்டாப் பூவைப் போட்டுக் கொண்டிருந்தது!

மூச்சு இருந்தது.

"யாருங்க அடிச்சது... சொல்லுங்க..."

அருணகிரி பாதிக் கண் திறந்தார். மனைவிக்குப் பின்னால் ஓடி வந்து நின்ற முகங்களைப் பார்த்தார். உதடு அசைந்தது.

"பின்னாலேர்ந்து... தெரியல..."

"ஆகாஷா? அந்தப் பையன் சந்துலேர்ந்து ஓடறத நான் சமையல்கட்டு ஜன்னல்ல பாத்தேனே. அவனா?"

அருணகிரி கண்களை மூடிக்கொண்டார்.

'ஆமாம்' என்று அவர் சொல்லவில்லை.

'இல்லை' என்றும் சொல்லவில்லை!

தெருவுக்கு அது போதுமானதாக இருந்தது.

*

ஆறு மணி. காவல் நிலையம்.

சப்-இன்ஸ்பெக்டர் சுபத்ரா தன் நாற்காலியில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எதிரே இருபத்திரண்டு வயது ஆகாஷ், வெள்ளையில் நீலப் பட்டை போட்ட அர்ஜென்டினா பனியனில். இடது கன்னம் வீங்கியிருந்தது. ஏட்டு கோபிநாத்தின் ஐந்து விரல்களும் அதில் பதிந்திருந்தன.

வழக்கு சுலபமாகவே தெரிந்தது.

கத்தாரில் உலகக் கோப்பை தொடங்கி மூன்றாம் நாள். அர்ஜென்டினாவுக்கு அன்றுதான் முதல் ஆட்டம், சவுதி அரேபியாவோடு. மூன்றரை மணிக்கு ஆரம்பம். தெரு மண்டபத்தில் திரை கட்டி ஆட்டத்தைக் காட்டலாமா என்று ஆகாஷ் காலையில் ஏழெட்டுப் பேரோடு போய், தெருச் சங்கத் தலைவரான அருணகிரியைக் கேட்டிருக்கிறான். பந்து உதைக்கிறதைப் பட்டப்பகலில் உட்கார்ந்து பார்த்தால் தறியை யார் ஓட்டுவது என்று அவர் எல்லார் முன்னாலும் விரட்டியிருக்கிறார். சந்தவாசல் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவனுக்கு இந்தத் தெரு மண்டபத்தில் என்ன வேலை என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறார். ஆகாஷ் திரும்பி நடக்கும்போது, "பாத்துக்கலாங்க" என்று சொல்லியிருக்கிறான்.

அந்த ஒரு வார்த்தையைப் பதினோரு பேர் சாட்சியாகச் சொன்னார்கள்.

"கடைசியா கேக்கறேன்," என்றாள் சுபத்ரா. "தறிக்கொட்டகைக்குப் பின்னால உனக்கு இன்னா வேலை?"

"மேட்ச் பாத்துகினு இருந்தேன் மேடம். போன்ல."

"அங்க ஏன்?"

ஆகாஷ் தயங்கினான்.

"சரி. ஏன் ஓடின?"

"கொட்டகைக்குள்ள 'கோல்'னு ஒரு சத்தம் வந்துச்சு மேடம். என் போன்ல பந்து அப்பதான் நடு மைதானத்துல இருந்துச்சு. யாரோ கேபிள்ல பாத்துட்டாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. அதான் டீக்கடை டிவிக்கு ஓடினேன்."

"அது எத்தன மணிக்கு?"

"நாலு மணிக்கு ரெண்டு நிமிஷம் இருந்துச்சு."

கோபிநாத் கைபேசியை நீட்டினார். "பொய் மேடம். ஸ்கோர் பாருங்க. முதல் பாதியில ஒரே ஒரு கோல்தான். அதுவும் மூணு நாப்பதுக்கு. மூணு அம்பத்தெட்டுக்குக் கோலே கிடையாது. அதோட, அருணகிரிக்கு ஃபுட்பால்னாலே ஆகாது. அவரு கொட்டகைல யாரு கோலுன்னு கத்துவா?"

ஆகாஷ் வாய் திறந்தான். கோபிநாத்தின் கை உயர்ந்தது. அவன் வாயை மூடிக்கொண்டான்.

வாசலில் ஆகாஷின் அப்பா ராமதாஸ் நின்றிருந்தார். அவர் கையில் பிளாஸ்டிக் உறைக்குள் மடித்த ஒரு காகிதம். செய்யாறு தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் வேலை உத்தரவு.

"காலைல ஆறரைக்கு கம்பெனி பஸ்ஸும்மா," என்றார். "எங்க வீட்ல மாசச் சம்பளம் வாங்கப் போற முதல் ஆளு இவன். கேஸுன்னு ஒண்ணு ஏறிட்டா அந்த பஸ் எங்க தெரு பக்கமே திரும்பாது. ஒரு தபா நல்லா விசாரிச்சுட்டு எழுதுங்கம்மா."

அவர் கெஞ்சவில்லை. அதுதான் சுபத்ராவைக் குத்தியது.

கம்ப்யூட்டரில் முதல் தகவல் அறிக்கையின் பாதிப் பக்கம் நிரம்பியிருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் ஆகாஷின் பெயர் அதில் ஏறிவிடும். ஏறிய பெயர் லேசில் இறங்காது!

"அரை மணி நேரம் நிறுத்தி வைங்க கோபிநாத்," என்றாள். "அவரோட பையனைக் கூப்பிடுங்க."

*

விக்னேஷ் வந்தான். அருணகிரியின் ஒரே மகன். களம்பூரில் ஓர் அரிசி ஆலை அலுவலகத்தில் வேலை. ஆகாஷின் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்தான்.

தெருவில் இருக்கும் கால்பந்து ரசிகர்களுக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டென்றும், அதை நடத்துவது இவன்தான் என்றும் சுபத்ரா கேள்விப்பட்டிருந்தாள். அதைக் காட்டச் சொன்னாள்.

'ஆரணி கோல் கம்பம்.' அறுபத்து மூன்று உறுப்பினர்கள். முந்தாநாள் முதல் ஆட்டம் தொடங்கியதிலிருந்து இரண்டாயிரம் செய்திகளுக்கு மேல்... சந்தோஷம், சாபம், கேலி!

குழுவின் முகப்பில் ஒரு விதி எழுதியிருந்தது. கேபிளில் பார்ப்பவர்கள் ஐம்பது எண்ணிவிட்டுத்தான் எதையும் போட வேண்டும். மீறினால் ஒரு வாரம் வாய் திறக்கக் கூடாது.

"இது இன்னா விதி?"

விக்னேஷ் விளக்கினான். விஷயம் மிக எளிது, ஆனால் அழகானது.

கத்தாரில் உதைத்த பந்து கேபிள் டிவிக்குச் சில விநாடிகளில் வந்து சேர்ந்துவிடுகிறது. கைபேசிக்கு அப்படி வருவதில்லை. படத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறார்கள். இடையில் நின்று போகாமல் ஓட வேண்டுமே என்று கைபேசி சில துண்டுகளை முதலில் சேர்த்து வைத்துக்கொண்டு, பிறகுதான் காட்ட ஆரம்பிக்கிறது. நெசவாளர் குறுக்கே ஓட்டும் ஊடைக்கு வேண்டிய நூல்கண்டுகளை முன்கூட்டியே சுற்றி வைத்துக்கொண்டு உட்காருவது போலத்தான். அதனால் கைபேசிக்காரன் உலகத்தைவிட நாற்பது, ஐம்பது விநாடி பின்னால் வாழ்கிறான்!

சுபத்ரா நிமிர்ந்தாள். ஆகாஷ் இதையேதான் சொல்லியிருந்தான்.

"மூணு அம்பத்தெட்டுக்குப் போ. அப்ப குரூப்ல இன்னா போட்டிருக்காங்க?"

விக்னேஷின் விரல் திரையை மேலே தள்ளியது. நின்றது.

'கோல்' என்ற வார்த்தை வரிசையாக இருபது பேரிடமிருந்து. அடுத்த நிமிடம்... 'ஆப்சைடாம்.' 'ரத்து பண்ணிட்டாங்க.' 'வீடியோ பாத்து கோலை அடிச்சிட்டான்டா.'

"கோல் போட்டாங்க மேடம்," என்றான் விக்னேஷ் மெல்ல. "அப்புறம் செல்லாதுன்னுட்டாங்க. அதான் ஸ்கோர்ல இருக்காது."

கோபிநாத் தன் உள்ளங்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

சுபத்ரா இன்னொன்றையும் கவனித்தாள். அந்த இருபது கோல்களுக்கும் மேலே, எல்லாருக்கும் முந்தி, ஒரு குரல் செய்தி. அனுப்பியவர் பெயர் 'நீலவெள்ளை'. நீளம் மூன்றே விநாடி. அதற்குக் கீழே 'யார்ரா அது ஐம்பது எண்ணாதவன்' என்று நான்கைந்து திட்டுகள்... பதினேழு சிரிப்பு முகங்கள்.

"யாரு இந்த நீலவெள்ளை?"

தெரியாது என்றான் விக்னேஷ். குழுவில் சேரும் சுட்டியை டீக்கடையில் ஒட்டியிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் சேரலாம். இரண்டு நாளாக யாரோ ஒரு விவரமான ஆள், நன்றாகவே எழுதுகிறார்.

"போடு அதை."

"கோஓல்! அடிச்சா—"

'டங்'கென்று ஒரு சத்தம்.

பிறகு எதுவும் இல்லை.

சுபத்ரா மறுபடி போடச் சொன்னாள். மூன்றாவது முறை ஓடும்போது விக்னேஷின் முகம் வெளுத்தது.

அவனும் அந்தச் சிரிப்பு முகங்களில் ஒன்றைப் போட்டிருந்தான். குரல் அப்போது அவனுக்குப் பிடிபடவில்லை. அவனுடைய அப்பா சந்தோஷத்தில் கத்தி அவன் கேட்டதே இல்லை!

"மேடம்... இது எங்கப்பா குரலு. ஆகாஷ் கொட்டகைக்குப் பின்னால நின்னது எங்க வைஃபைக்காக. பாஸ்வேர்ட் குடுத்ததே நான்தான். சொன்னா அப்பா திட்டுவாருன்னு... இவ்ளோ நேரமா சொல்லல."

ஆகாஷ் அவனைக் காட்டிக் கொடுக்கவில்லை. அறை வாங்கியும் கொடுக்கவில்லை.

விக்னேஷால் அதற்குமேல் தலையைத் தூக்க முடியவில்லை.

*

ஏழு மணி. தறிக்கொட்டகை.

சுபத்ரா தன் கைபேசியில் நீலவெள்ளையின் எண்ணை அழுத்தினாள்.

ஒரு விநாடி... இரண்டு விநாடி...

'ர்ர்ர்... ர்ர்ர்...'

தறிக்குழிக்குள்ளிருந்து!

கோபிநாத் குழியில் இறங்கி, மிதிக்கட்டைகளுக்கு அடியிலிருந்து ஒரு பழைய கைபேசியைக் கண்டெடுத்தார். வீட்டில் யாருக்கும் தெரியாத இரண்டாவது எண்.

சுவரில், தறிக்கு நேரெதிரே, ஒரு சின்ன டிவி. பக்திப் பாடல் கேட்க வைத்தது என்றாள் அபிதகுசாம்பாள். அதன் வயர் பிளக்கோடு பிடுங்கிக்கொண்டு தரையில் கிடந்தது. விழுந்தவர் கை பட்டு இழுபட்டிருக்க வேண்டும்.

சுபத்ரா பிளக்கைச் செருகினாள். செட்டாப் பெட்டிக்கு ஒரு வெகுளிக் குணம் உண்டு. கடைசியாகப் பார்த்த சானலிலேயே கண் விழிக்கும்!

அடுத்த ஆட்டத்தின் பச்சை மைதானம் விரிந்தது. சத்தம் மட்டும் பூஜ்யத்தில் இருந்தது. தெருவுக்குக் கேட்டுவிடக் கூடாதல்லவா!

அடுத்து டார்ச்சை மேலே அடித்தாள்.

குழித்தறியில் நெய்கிறவர் தரை மட்டத்தில் உட்கார்ந்து கால்களைக் குழிக்குள் விட்டு மிதிகளை மிதிப்பார். தலைக்கு மேலே, கொஞ்சம் முன்னால், புட்டாவுக்கான ஜக்கார்டு பெட்டியைத் தாங்கும் கனமான சட்டம். எழுந்திருப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் பின்னால் நகர வேண்டும். பிறகுதான் எழ வேண்டும். நாற்பது வருடமாக அருணகிரி அப்படித்தான் எழுந்தார்.

இன்று மூன்று ஐம்பத்தெட்டுக்கு மட்டும் நேராகக் குதித்துவிட்டார்!

சட்டத்தின் அடிப்பக்கத்தில் ரத்தம். அதில் ஒட்டிய இரண்டு நரைமுடி.

ஒருவரை அடித்துவிட்டு ஆயுதத்தை உத்தரத்தில் தலைகீழாகப் பொருத்தி வைத்துவிட்டு ஓடும் குற்றவாளி இன்னும் பிறக்கவில்லை.

ஒரு சந்தேகம்தான் மீதி. பேசிக்கொண்டே விழுந்தவர் குரலை எப்படி அனுப்பினார்? அவர் அனுப்பவேயில்லை. மைக்கை அழுத்திப் பிடித்திருக்கும்வரைதான் அது பதிவாகும். விரலை எடுத்தால் தானே போய்விடும். விழும்போது விரல் நழுவியது. செய்தி பறந்தது.

அறுபத்திரண்டு பேர் வாங்கிக்கொண்டார்கள். பதினேழு பேர் சிரித்தார்கள். ஒருவர்கூடக் கதவைத் தட்டவில்லை.

*

மருத்துவமனை. தலையில் ஏழு தையலோடு அருணகிரி படுத்திருந்தார். பயமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

சுபத்ரா அந்த மூன்று விநாடியை ஓடவிட்டாள்.

'டங்.'

அருணகிரி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"யாரும் அடிக்கலம்மா," என்றார் சுவரைப் பார்த்தபடியே.

"பின்னாலேர்ந்துன்னு ஏன் சொன்னீங்க?"

"சுத்தி தெருவே நின்னுகினு இருந்துச்சு. காலைலதான் அந்தப் பசங்கள அவ்ளோ பேச்சு பேசி அனுப்பினேன். நானே பந்து பாத்து மண்டைய ஒடச்சிகினேன்னு எப்படிம்மா சொல்லுவேன். வெக்கமா இருந்துச்சு."

"அவனான்னு கேட்டாங்க. கண்ண மூடினீங்க."

அருணகிரி போர்வையை மார்புவரை இழுத்துக்கொண்டார்.

"வேற யார் பேராவது சொல்லியிருந்தா மூடியிருப்பீங்களா?"

அபிதகுசாம்பாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அந்தப் பெயரை முதலில் சொன்னவள் அவள்தானே!

சுபத்ராவுக்கும் அதற்குமேல் கேட்க வாய் வரவில்லை. கோபிநாத் அறைந்தபோது அவள் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். கையைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை.

நிலையத்துக்குத் திரும்பியிருந்த கோபிநாத்துக்கு அவள் போன் செய்தாள். பாதி எழுதிய அறிக்கை அவர் கையாலேயே அழிக்கப்பட்டது. கால் மணி நேரத்தில் ஆகாஷும் ராமதாஸும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள்.

"தப்பு எங்களோடதுதான், ஆகாஷ்," என்றாள் சுபத்ரா, வாசலிலேயே. "உங்கப்பா முன்னாலயே சொல்லிடறேன். காலைல நீ பஸ் ஏறலாம்."

ஆகாஷ் தலையசைத்தான். 'பரவாயில்லை' என்று சொல்லவில்லை.

அருணகிரி படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, ராமதாஸைப் பார்த்துக் கை கூப்பினார். ராமதாஸ் அந்தக் கும்பிடை வாங்கிக்கொள்ளாமல் மகனைக் கைகாட்டினார்.

"மன்னிச்சுடுப்பா..."

"இங்க நாலு பேருக்குக் கேட்டா போதாதுங்க," என்றான் ஆகாஷ். "என்னை இட்டுனு போனப்ப தெருவே பாத்துச்சு."

கூட வந்திருந்த விக்னேஷ், சுபத்ராவிடமிருந்து பழைய கைபேசியை வாங்கி அப்பாவிடம் நீட்டினான். அருணகிரி கட்டைவிரலால் மைக்கை அழுத்தினார். தன் முழுப் பெயரைச் சொன்னார். சங்கத்தின் பெயரைச் சொன்னார். யாரும் தன்னை அடிக்கவில்லை என்றும், தறிச் சட்டத்தில் தானே முட்டிக்கொண்டதாகவும், தெரிந்தே ஒரு பிள்ளையை மாட்டிவிட்டதாகவும் சொன்னார். விரலை எடுத்தார்.

அறுபத்து மூன்று பேர் இருந்த குழுவில் ஒரு சிரிப்பு முகம்கூட வரவில்லை.

ஆகாஷ் கிளம்பத் திரும்பினான்.

"தம்பி..." அருணகிரியின் குரல் தடுத்தது. சங்கடத்தோடு போர்வையின் ஓரத்தை முறுக்கினார். மூன்று ஐம்பத்தெட்டோடு உலகம் நின்றுபோன மனிதர். நான்கு மணி நேரமாக யாரையும் கேட்க முடியாத கேள்வி. "மேட்ச்... இன்னாச்சுப்பா?"

ஆகாஷ் வீங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டான்.

"ஒண்ணுக்கு ரெண்டு. நம்ம ஆளுங்க தோத்துட்டாங்க. ஆனா பாருங்க தலைவரே... உலகமே பாத்துகினு இருந்துச்சு. அவங்க தலைய குனிஞ்சிகினு அவங்க கால்லயேதான் வெளிய நடந்து போனாங்க. போறப்ப சவுதிக்காரன் மேல கேஸ் குடுத்துட்டுப் போவலைங்க."